டெர்வ்லா விதைத்த குளோவர்

டெர்வ்லா லோனர்கனை வேலைக்கு எடுத்த நேர்காணலில் நானும் உட்கார்ந்திருந்தேன். பாலிநாரா வேளாண் கல்லூரியில் டிராக்டரும் பண்ணை இயந்திரங்களும் சொல்லித்தருவது என் வேலை. மாட்டுப் பண்ணைக்கு ஆள் எடுக்கும்போது என்னை ஏன் கூப்பிட்டார்கள் என்றால், மூன்றாவது நாற்காலியில் உட்கார அன்று வேறு யாரும் அகப்படவில்லை. அவளுக்கு முன்னால் வந்த நாலு பேரும் கோட்டும் டையுமாக வந்திருந்தார்கள். இவள் வருகிற வழியிலேயே வண்டியை நிறுத்தி, வேலி தாண்டி எங்கள் மந்தையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, முழங்கால் வரைக்கும் சேற்றோடு வந்து உட்கார்ந்தாள்.

"உங்ககிட்ட இருக்கிற குறைன்னு எதைச் சொல்வீங்க?" என்று கேட்டார் முதல்வர் ஃபின்டன் கில்லேன். எல்லோரிடமும் அதே கேள்விதான்.

"நான் சொல்றதுதான் சரின்னு நெனைப்பேன். பெரும்பாலும் அது சரியாவும் போயிடும். அதனால திருந்த வாய்ப்பே வரல."

ஃபின்டனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "எங்க மாடுங்களைப் பாத்தீங்களே, எப்படி?" என்றார்.

"நல்ல மாடுங்க. ஆனா பத்துக்கு ரெண்டு தண்டச்சோறு."

அவள் வெளியே போனதும் ஃபின்டன் என்னைப் பார்த்தார். நான் ஃபின்டனைப் பார்த்தேன். வேறு பேச்சே நடக்கவில்லை.

அப்போது அவளுக்கு முப்பத்து மூன்று வயது. கால்டீ மலைக்கு அந்தப் பக்கம், நாற்பது கறவை மாடு வைத்திருக்கிற மோஸி லோனர்கனின் ஒரே மகள். பள்ளிக்கூட வயதில் மட்டையும் பந்துமாகக் காமோகி ஆடி மாவட்ட அணி வரைக்கும் போனவள். தோள்பட்டை எலும்பு இரண்டு தடவை முறிந்த பிறகுதான் விட்டாள். படித்து முடித்து நியூசிலாந்துக்குப் போய் ஆறு வருடம் பெரிய பெரிய மந்தைகளை மேய்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். அப்பாவோடு ஒரே பண்ணையில் வேலை செய்தால் ஒரு வாரத்தில் ஒருவர் மற்றவரைக் கொன்றுவிடுவோம் என்று அவளே சொல்லுவாள். அதனால்தான் எங்களிடம் வந்தாள்.

வந்த இரண்டாம் வருடம், கல்லூரியிலிருந்து வெளியேறி பூமியைச் சூடாக்குகிற வாயுவின் கணக்கைப் பத்து வருடத்துக்குள் நாலில் ஒரு பங்கு குறைக்க வேண்டும் என்று ஆட்சிக் குழு முடிவு செய்தது. ஃபின்டன் இதில் உண்மையாகவே அக்கறை உள்ளவர். வேலையை உடனே தொடங்கினார். மாணவர் விடுதிக்குக் கீழே முப்பது வருடமாக மண்ணெண்ணெய் குடித்துக்கொண்டிருந்த கொதிகலனைப் பிடுங்கி எறிந்துவிட்டு, வெளிக்காற்றிலிருந்து சூட்டை இழுக்கிற மின்பம்புகளைப் போட்டார். கூரை எல்லாம் சூரியத் தகடு. ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி. ஒற்றை ஆளாகக் கார் ஓட்டி வருகிற மாணவர்களுக்கு வண்டி நிறுத்த தூரத்து மூலை. நாலு பேராக வந்தால் வாசலருகே இடம். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் வந்து, ஃபின்டன் ஏணியில் நிற்பது போல ஒரு படம் எடுத்துக்கொண்டு போனார்.

பிறகு அளப்பதற்கு வெளியாட்கள் வந்தார்கள். அவர்கள் சொன்னதில் யாருக்கும் அதிர்ச்சி இல்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதான், யாரும் வாய்விட்டுச் சொல்லாமல் இருந்ததுதான். சாதாரணக் கல்லூரி என்றால் கொதிகலனோடு கதை முடிந்திருக்கும். எங்களுடையது பண்ணைக் கல்லூரி. வெளியேறுகிற வாயுவில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் மாட்டுப் பக்கத்திலிருந்துதான் வந்தது. அசை போட்டுக்கொண்டே மாடு விடுகிற ஏப்பம், சாணக் குழி, வயலில் கொட்டுகிற ரசாயன மூட்டை உரம், இந்த மூன்றும்தான்.

ஆசிரியர் கூட்டத்தில் ஃபின்டன் இதைச் சொல்லி முடித்தார். மந்தையில் நாலில் ஒரு பங்கை விற்றால் கணக்கு நேராகிவிடும். ஆனால் எங்கள் மாணவர்கள் எல்லாம் சுற்றுவட்டாரப் பால்காரர் வீட்டுப் பிள்ளைகள். கல்லூரியே மாட்டை விற்கிறது என்று தெரிந்தால் அப்பன்மார் டிராக்டரோடு வந்து வாசலை அடைத்துவிடுவார்கள்.

"விக்க வேண்டாம்," என்றாள் டெர்வ்லா. "அதாவது, அவ்வளவு விக்க வேண்டாம். எனக்கு அஞ்சு வருஷம் குடுங்க. பால் ஒரு லிட்டர்கூடக் குறையாம நான் செஞ்சு காட்டுறேன்."

"எப்படி?" என்றார் ஃபின்டன்.

"தண்டச்சோறுங்களை அனுப்பிடுறேன். மூட்டை உரத்தைப் பாதியாக் கொறைக்கிறேன். அப்புறம் டோனலோட டேங்கரைச் சரி பண்ணணும்."

டோனல் நான்தான். "என் டேங்கருக்கு என்ன கேடு?" என்றேன்.

"உங்க டேங்கர் சாணிக் கரைசலை வானத்தைப் பாத்துப் பீச்சி அடிக்குது. நெலம் கீழ இருக்கு, டோனல்."

கூட்டம் முழுக்கச் சிரித்தது. நானும்தான். அந்தக் குளிர்காலத்தில் டேங்கரின் பின்னால் வரிசையாக ரப்பர்க் குழாய்களை மாட்டினோம். கரைசல் காற்றில் பறக்காமல் புல்லின் அடியில், மண்ணோடு மண்ணாகப் போய் இறங்கியது. வாயுவாகப் போகிற சத்து வயலுக்குக் கிடைத்தது. நாற்றமும் பாதியாகக் குறைந்தது. அதற்காக மட்டும் விடுதிச் சமையல்காரம்மா எனக்கு ஒரு ஆப்பிள் கேக் செய்து கொடுத்தாள்.

தண்டச்சோறுகளை அனுப்புவது அவ்வளவு சுலபமாக இல்லை. மாணவர்கள் ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்திருந்தார்கள். சூசன் என்று ஒரு கிழட்டுக் கறுப்பு மாடு. கூப்பிட்டால் வரும், தாடையைச் சொறியக் கொடுக்கும், பால் மட்டும் தராது. அதை ஏற்றுகிற அன்று பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"சூசன் திங்கிற புல்லும் நல்ல கறவை திங்கிற புல்லும் ஒண்ணுதான். விடுற ஏப்பமும் ஒண்ணுதான்," என்றாள் டெர்வ்லா. "ஒருத்தி அதுக்குப் பதிலாப் பால் தர்றா, இன்னொருத்தி தாடையைக் காட்டுறா. உங்க வீட்டுப் பண்ணையா இருந்தா எதை வெச்சுக்குவீங்க?" என்று கேட்டுவிட்டு, லாரிக் கதவை மூடுகிறதற்கு முன் அவளும் அந்தத் தாடையை ஒரு தடவை சொறிந்துவிட்டாள்.

மிச்சம் இருந்தது குளோவர். மூன்று இலைச் செடி, பயறு வகை. காற்றில் இருக்கிற சத்தை வேரில் பிடித்து மண்ணுக்குத் தரும். புல்லோடு அதைக் கலந்து விதைத்தால் மூட்டை உரம் பாதி போதும். ஊருக்குள் பழைய ஆட்கள் எல்லோருக்கும் இது தெரியும். மூட்டை கைக்கு வந்த காலத்தில் களைக்கொல்லி அடித்து அதை ஒழித்தவர்களும் அவர்களேதான். டெர்வ்லா எங்கள் நிலத்தில் பாதியைத் திருப்பி விதைத்தாள். முதல் வருடம் பார்க்கச் சகிக்கவில்லை. திட்டுத் திட்டாகப் பச்சை, நடுவில் வெறும் மண். ரோட்டில் போகிற டிராக்டர்கள் வேகம் குறைத்துப் பார்த்துவிட்டுப் போயின.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் அப்பா வீட்டில் சாப்பிடப் போவாள். திங்கட்கிழமை தேநீர் நேரத்தில் அங்கே நடந்ததை அப்பாவின் குரலிலேயே எங்களுக்கு நடித்துக் காட்டுவாள். பன்றிக்கறியும் முட்டைக்கோசும் தட்டில் வந்து விழுவதற்குள் ஆரம்பித்துவிடுவாராம் மோஸி.

"ஏன் புள்ள, மாடு ஏப்பம் விட்டா இனிமே தப்பாமே?"

"தப்பு இல்லப்பா. எவ்வளவு விடுதுன்னு பாக்குறோம்."

"உங்க முதல்வர் சாப்பிட்டுட்டு ஏப்பம் விடுறாரே, அதை யாரு பாக்குறது?"

"அவரு பால் குடுக்குறதில்லயே, அப்பா. அவரைத்தான் மொதல்ல அனுப்பணும்."

"சிரிக்காத. நான் ஒண்ணு சொல்றேன் கேளு. கல்லூரிக்காரன் வயல் களைக்காடாக் கெடக்குன்னு நேத்து மாட்டு மார்ட்டுல ஒருத்தன் சொன்னான். எம் பொண்ணுதான் அங்க பாக்குறான்னு வாயைத் தொறந்து என்னால சொல்ல முடியல."

"ரெண்டு வருஷம் கழிச்சுச் சொல்லிக்குங்க."

"அதுவரைக்கும் நான் இருந்தா."

"இருப்பீங்க. என்னைத் திட்டுறதுக்காகவே இருப்பீங்க."

இரண்டாம் வருடம் குளோவர் எழுந்தது. எழுந்தது என்றால், வெள்ளைப் பூவும் தேனீயுமாக வயல் முழுக்க மெத்தை போட்டதுபோல எழுந்தது. மூட்டை பாதியாகியும் பால் டேங்கில் அளவு இறங்கவில்லை. டெர்வ்லா சீட்டியடித்துக்கொண்டு திரிந்தாள். அவள் சொன்னதெல்லாம் நடந்துகொண்டிருந்தது. எங்களுக்கும் அந்த நம்பிக்கை ஒட்டிக்கொண்டது.

செப்டம்பரில் ஒரு நாள் காலை, பால் கறக்கும் இயந்திரத்தின் பம்பு நின்றுபோனது. நான் அதைப் பிரித்துப் போட்டுச் சரிசெய்து முடிக்க மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அத்தனை நேரமும் மந்தை முற்றத்தில் பசியோடு நின்று கத்தியது. கறந்து முடித்ததும் டெர்வ்லா மாடுகளைப் பார்த்து இரக்கப்பட்டாள். வழக்கமான வயலுக்கு அனுப்பாமல், இருப்பதிலேயே நல்ல குளோவர் வயலைத் திறந்துவிட்டாள். பனி ஈரம் இன்னும் இலையில் இருந்தது.

நானும் அவளும் கை கழுவிவிட்டுத் தேநீர்க் கோப்பையை எடுக்கிறோம், ஒரு மாணவி மூச்சிரைக்க ஓடிவந்தாள். "மாடுங்க உப்பிக்கிட்டு நிக்குது!"

நாங்கள் போனபோது ஏழெட்டு மாடுகள் காலை அகட்டிக்கொண்டு அசையாமல் நின்றன. இடது விலா, முதுகெலும்புக்கும் மேலே உயர்ந்து, தட்டினால் பறை மாதிரி சத்தம் வருகிற அளவுக்கு உப்பியிருந்தது. பசியில் அவசரமாகத் தின்ற ஈரக் குளோவர் வயிற்றுக்குள் நுரைத்துவிட்டது. வாயு நுரைக்குள் சிக்கிக்கொண்டால் ஏப்பம் வெளியே வராது. வராவிட்டால் நுரையீரலை நெரித்து மாட்டைக் கொன்றுவிடும்.

"எல்லாத்தையும் வெளிய ஓட்டுங்க! மேட்டைப் பாத்து நடக்க விடுங்க, நிக்க விடாதீங்க!" என்று கத்தினாள் டெர்வ்லா. "டோனல், எண்ணெய்! குழாய்! டாக்டருக்குப் போன் போடுங்க!"

கால்நடை மருத்துவர் வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார். அதுவரைக்கும் காத்திருக்க முடியாது. தொண்டை வழியாக நீளமான குழாயை விட்டு எண்ணெய் ஊற்றிக்கொண்டே போனோம். நான் தலையைப் பிடிக்க, அவள் குழாயை இறக்கினாள். நாலாவதோ ஐந்தாவதோ மாடு, எண்ணெய் ஊற்றுவதற்குள் மடங்கி விழுந்துவிட்டது. நாக்கு வெளியே வந்துவிட்டது. டெர்வ்லா பெட்டியிலிருந்து கூர்முனை வைத்த இரும்புக் குழலை எடுத்து, இடது விலாவில் ஒரு கையால் இடம் பார்த்து, மறு கையால் ஓங்கிக் குத்தினாள். புளித்த புல் நாற்றத்தோடு காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. கொஞ்ச நேரத்தில் அந்த மாடு தலையைத் தூக்கியது. பிறகு எழுந்தே நின்றது.

வேலியோரம் புதருக்குப் பின்னால் இன்னொன்று கிடந்ததை யாரும் கவனிக்கவில்லை. நாங்கள் பார்க்கும்போது அது செத்துப்போயிருந்தது. மூன்றாம் ஈற்று மாடு, மந்தையிலேயே நல்ல கறவைகளில் ஒன்று.

மாணவர்கள் சுற்றி நின்றார்கள். சிலர் அழுதார்கள். டெர்வ்லாவின் கை முழங்கை வரைக்கும் எண்ணெயும் நுரையுமாக இருந்தது. அவள் செத்த மாட்டின் பக்கத்தில் நின்றுகொண்டு, "எல்லாரும் கிட்ட வாங்க," என்றாள். "இது எப்படி ஆச்சுன்னு தெரிஞ்சுக்குங்க. பசிச்ச மாட்டை ஈரக் குளோவர்ல விடக் கூடாது. இது எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சும் பாவம்னு தெறந்துவிட்டேன். வேற யாரும் காரணம் இல்ல."

சாயங்காலத்துக்குள் செத்த மாட்டின் படம் மாவட்டம் முழுக்கப் போனது. எங்கள் பிள்ளைகளில் யாரோதான் கைபேசியில் எடுத்திருக்க வேண்டும். அதன் கீழே எவனோ ஒரு வரி சேர்த்திருந்தான்: "பூமியைக் காப்பாத்தப் போய் உயிரை விட்ட பசு." பெட்ரோல் பங்கில், தேவாலய வாசலில், மார்ட்டில், எங்கே போனாலும் இதே பேச்சு. கேலி செய்கிறவர்களுக்கு அதைவிட நல்ல சமாச்சாரம் அந்த வருடம் கிடைக்கவில்லை.

மறுநாள் ஃபின்டன் அவளைக் கூப்பிட்டார். பம்பைப் பற்றிக் கேட்பார்கள் என்று நானும் கூடப் போனேன்.

"உக்காரு, டெர்வ்லா. தூங்கினியா?"

"கொஞ்சம்."

"குழுவுல இருந்து மூணு பேர் போன் பண்ணிட்டாங்க. குளோவரை நிறுத்திடலாமான்னு கேக்குறாங்க. எனக்கும் என்ன சொல்றதுன்னு தெரியல."

"நேத்து பால் மெஷின் கெட்டுப் போச்சு," என்றாள் அவள். "மெஷினை நிறுத்திட்டுக் கையால கறப்போம்னு யாராவது சொன்னாங்களா? டோனல் பிரிச்சுப் பாத்தாரு, சரி பண்ணாரு. இதையும் அப்படித்தான் பண்ணணும். தப்பு என் மேல, ஃபின்டன். செடி மேல இல்ல. இப்ப உழுது போட்டா அந்த மாடு வீணாச் செத்ததா ஆயிடும்."

ஃபின்டன் ஜன்னல் பக்கம் திரும்பினார். "அடுத்த வருஷம் இன்னொண்ணு செத்தா?"

"சாகாது."

"செத்தா நான் இந்த நாற்காலியில இருக்க மாட்டேன். நீயும் பண்ணையில இருக்க மாட்டே."

"சரி. ஒத்துக்கிட்டேன்," என்று கையை நீட்டினாள். மார்ட்டில் மாடு விலை பேசி முடித்தவர்கள் மாதிரி இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள்.

அன்றைக்கே அவளுடைய அப்பாவும் கூப்பிட்டார். என் வண்டியில் வந்துகொண்டிருந்தாள். மோஸியின் குரல் கைபேசியைத் தாண்டி எனக்கும் கேட்டது.

"மாடு போயிடுச்சாமே."

"ஆமாப்பா."

"நல்ல மாடா?"

"ரொம்ப நல்ல மாடு."

"வயலை உழுதுடு, புள்ள."

"மாட்டேன்."

"இந்தப் பிடிவாதம் உனக்கு எங்கேருந்து வந்துச்சோ!"

"யாருக்குப் பொறந்தேனோ அங்கேருந்துதான்."

"உங்கம்மா வீட்டுப் பக்கம் எல்லாம் இப்படித்தான்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவள் எதையும் அதிர்ஷ்டத்துக்கு விடவில்லை. குடிநீர்த் தொட்டிகளில் எல்லாம் உப்புசத்தைத் தடுக்கிற எண்ணெய் தானாகச் சொட்டுகிற மாதிரி ஒரு கருவி வைத்தோம். குளோவர் வயலைத் திறப்பதற்கு முன் ஒரு வாய் வைக்கோலாவது மாட்டின் வயிற்றில் இருக்கும். மின்கம்பி வேலியை நகர்த்தி நகர்த்தி, ஒரு கீற்று, பிறகு இன்னொரு கீற்று என்று கொடுத்தாள். இலையுதிர்காலம் முழுக்க மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு காவல் நின்றார்கள். இலை ஈரமா என்று கையால் தடவிப் பார்க்காமல் கதவைத் தொடக்கூடாது என்பது சட்டம். அந்த வருடம் அதற்கு மேல் ஒன்றுக்கும் ஆபத்தில்லை, அதற்கு அடுத்த வருடமும் இல்லை. ஃபின்டன் தினமும் காலையில் பண்ணைப் பக்கம் நடந்து வந்து, ஒன்றும் கேட்காமல், மந்தையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்.

நாலாம் வருடம் ஜூன் மாதம், விவசாயிகளைக் கூப்பிட்டு வயலைச் சுற்றிக் காட்ட வேண்டும் என்றாள் டெர்வ்லா. கேலி செய்தவர்களையே கூப்பிட வேண்டும் என்றாள். நல்ல தூறல் நாளாகப் பார்த்து அமைந்தது. புல் வெட்ட முடியாத நாள் என்பதால் இருநூறு பேர் வந்துவிட்டார்கள். ரப்பர் பூட்சை கிருமிநாசினித் தண்ணீரில் முக்கி எடுத்துக்கொண்டு, வயல் நடுவில் என் டிரெய்லரைச் சுற்றி நின்றார்கள். டெர்வ்லா அதன் மேல் ஏறினாள்.

"எல்லாரும் அந்தப் போட்டோவைப் பாத்திருப்பீங்க," என்று தொடங்கினாள். "இந்த வேலிக்கு அந்தப் பக்கம்தான் அது செத்துச்சு. எப்படிச் செத்துச்சுன்னு முதல்ல சொல்லிடுறேன். அப்புறம் மத்த கதை."

ஒன்று விடாமல் சொன்னாள். பிறகு உரம் எவ்வளவு குறைந்தது, பால் எவ்வளவு வந்தது, எத்தனை மாடு குறைந்தும் டேங்க் நிரம்புகிறது என்று போய்க்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"யம்மா, ஒரு சந்தேகம். கல்லூரிக்காரங்களுக்குச் சம்பளம் மாசம் பொறந்தா வந்துடும். வெளைஞ்சாலும் வரும், வெளையாட்டியும் வரும். எங்களுக்கு அப்படியா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தட்டைத் தொப்பி, பழைய மழைக்கோட்டு, தடித்த கிழவர். மலைக்கு அந்தப் பக்கத்து ஆள் என்பதால் இங்கே யாருக்கும் அவரைத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது, அந்தக் குரலை டெர்வ்லா வாயால் நான் நூறு தடவை கேட்டிருந்தேன்.

"நியாயமான கேள்வி," என்றாள் அவள், முகத்தில் ஒன்றும் காட்டாமல். "அதனாலதான் தோத்துப் பாக்குற வேலையை நாங்க செய்யுறோம். எங்க மாடு செத்துச்சு, உங்க மாடு சாக வேண்டாம்."

"ஏப்பத்தை என்னம்மா பண்ணப்போற? மாட்டு வாயில மூடி போடுவியா?"

சிரிப்பு.

"மூடி போட்டா என்ன ஆகும்னு இப்பதான சொன்னேன்? மாடு வெடிச்சிடும்."

இன்னும் பெரிய சிரிப்பு. கிழவர் விடவில்லை. "நீ சின்னப் பொண்ணு. நாங்க நாப்பது வருஷமா மூட்டையைக் கொட்டித்தான் பொழைக்கிறோம். உனக்கு இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா?"

டெர்வ்லா இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டாள். "அப்பா, ஞாயித்துக்கெழமை வீட்டுல கேக்குறதை எல்லாம் இங்கயும் கேட்டா, அப்புறம் ஞாயித்துக்கெழமை பேச நமக்கு என்னதான் மிச்சம்?"

அப்புறம் அந்த இருநூறு பேரும் சிரித்த சிரிப்பில் அடுத்த வயல் மாடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. மோஸியின் முகம் காது வரைக்கும் சிவந்துவிட்டது. பக்கத்தில் நின்றவன் அவர் முதுகில் தட்டி, "உங்க பொண்ணா பெரியவரே? சொல்லவே இல்லையே!" என்றான்.

"கேக்கவே இல்லையே," என்றார் மோஸி.

சிரிப்பு ஓய்ந்ததும் அவர் தொப்பியைக் கழற்றி மழையை உதறிவிட்டு, வேறு குரலில் கேட்டார். "சரி. ரெண்டாவது புல் அறுப்புல தீவனம் எவ்வளவு வந்துச்சு? உண்மையைச் சொல்லு."

"முதல் வருஷம் கம்மிதான். குளிர்காலத்துக்கு வெளிய வாங்க வேண்டி வந்துச்சு. போன வருஷம் பழைய அளவுக்கு வந்துடுச்சு. இந்த வருஷம் எப்படின்னு ஆகஸ்டுல சொல்றேன்."

மோஸி பையிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்து, குனிந்து, காலடியில் ஒரு குளோவர்ச் செடியை வேரோடு பெயர்த்தார். மண்ணைத் தட்டினார். வேரில் ஒட்டியிருந்த சின்னச் சின்ன முடிச்சுகளில் ஒன்றை நகத்தால் கீறினார். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது. முடிச்சு உயிரோடு வேலை செய்கிறது என்று அர்த்தம். பக்கத்து ஆளிடம் நீட்டினார். அவன் பார்த்துவிட்டு அடுத்தவனிடம் கொடுத்தான். கொஞ்ச நேரத்தில் பாதிப் பேர் குனிந்து தோண்டிக்கொண்டிருந்தார்கள். டெர்வ்லா டிரெய்லரிலிருந்து குதித்து அவர்கள் நடுவில் போய் முழங்காலிட்டாள். அதற்குப் பிறகு பேச்சு என்று எதுவும் நடக்கவில்லை. கேள்விதான், மழை நிற்கும்வரை கேள்விதான்.

சாண்ட்விச்சும் தேநீரும் கொடுக்கிற இடத்தில் மோஸி என் பக்கம் வந்து நின்றார். "டேங்கர்ல குழாய் மாட்டினது நீங்கதானா?" என்றார். ஆமாம் என்றேன். "நல்ல வேலை," என்றார். மகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த வசந்தத்தில் அவரும் ஒரு வயலில் குளோவர் விதைத்தார். ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாத வயலாகப் பார்த்து விதைத்தார் என்று டெர்வ்லா சொன்னாள்.

அவள் கேட்ட ஐந்து வருடம் முடிந்தபோது வெளியாட்கள் மறுபடியும் வந்து அளந்தார்கள். கல்லூரியின் வாயு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. ஆட்சிக் குழு சொன்ன நாலில் ஒரு பங்குக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி. கெடுவுக்கும் இன்னும் வருடங்கள் பாக்கி. பால் குறையவில்லை. ஃபின்டன் அன்று மதியம் ஆசிரியர் எல்லோருக்கும் கேக் வரவழைத்தார். டப்ளினில் அமைச்சகத்திலிருந்து அவளுக்கு ஒரு மேசை வேலை வந்தது. ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"எல்லாரும் நல்லவங்க. ஆனா ஒரு ஜன்னலும் தெறக்க மாட்டேங்குது," என்று சொல்லிவிட்டுக் கறவைக்குப் போய்விட்டாள்.

இப்போது அவள் பிடித்திருப்பது ஏப்பத்தையே. குறைவாக ஏப்பம் விடுகிற பரம்பரையிலிருந்து காளை விந்து வாங்கி, இரண்டு வருடமாகச் சினைப்படுத்திக்கொண்டிருக்கிறாள். வயலில் ஒரு பெட்டி நிற்கிறது. கிடேரி தலையை உள்ளே விட்டுத் தீவனம் தின்னும் நேரத்தில் அதன் மூச்சை அது அளக்கும். பலன் வருமா என்று உறுதியாகச் சொல்லக் குறைந்தது மூன்று ஈற்றுப் பார்க்க வேண்டும் என்று அறிவியல் துறையில் சொல்கிறார்கள். போன வாரம் முதல் வருடத்துப் பிள்ளைகள் அந்தப் பெட்டியைச் சுற்றி நின்றிருந்தார்கள். ஒரு கிடேரி உள்ளே தலையை விட்டுக்கொண்டு நிதானமாக மென்றது.

"இது வேலைக்கு ஆகுமா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஆகும்," என்றாள் டெர்வ்லா. "எழுதிக்கோ."